ஊசி வால்வுக்கு அடியில்

ஜூன் 2

அன்புள்ள உங்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலம் என்றே வைத்துக்கொள்கிறேன். போன் செய்தால் எடுக்கிறீர்கள், ‘ம்’ என்கிறீர்கள், ‘சரி’ என்கிறீர்கள், வைத்துவிடுகிறீர்கள். ‘ம்’முக்கும் ‘சரி’க்கும் நடுவில் ஒரு மனிதர் என்ன நினைக்கிறார் என்று கண்டுபிடிக்கிற வித்தை எனக்குக் கைவரவில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாக ஒரு பிரிவு ஆரம்பிக்கிறார்கள். நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வரவேண்டும். மேலாளர் என்னைத்தான் முதலில் கேட்டார். ஒரே நிபந்தனை, சொந்தமாகக் கார் இருக்க வேண்டும். குளிர்பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போக முடியாது. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி வேலையை ஆரம்பிக்க வேண்டும், முடியாதென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக ஒரே ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீட்டுகிறார்கள், குத்துகிறேன், பஞ்சை வைக்கிறேன், அடுத்த கை வருகிறது. அந்தக் கைக்கு ஒரு முகம் இருக்கும் என்பதே மறந்துவிட்டது. இந்த வேலை எனக்கு வேண்டும்.

ஆகவே, கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் நம் நீல வண்டியை ஓட வைக்கப் போகிறேன். நீங்கள் வேலை கிடைத்தது என்று கிளம்பிப் போன இந்த நாலு வருஷமாக அதை யாரும் தொடவில்லை. போன ஞாயிறு அண்ணன் வந்து, கெட்டுப்போன பெட்ரோலை வடித்து, புது பேட்டரி மாட்டி, சாவியைத் திருப்பினார். என்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை. கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் பொங்கி வழிகிறது. அண்ணன் தன் வழக்கப்படி இடுப்பில் கை வைத்துக்கொண்டு தீர்ப்பு சொன்னார்: “கார்புரேட்டர் போச்சு. இதுக்குச் செலவு பண்றதும் ஒண்ணு, ஆத்துல கொண்டுபோய்க் கொட்டறதும் ஒண்ணு.”

நான் அதைப் பிரித்துச் சுத்தம் செய்து மறுபடி பூட்டப் போகிறேன். உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, தகவல் சொல்கிறேன். கேட்பது ஒன்றே ஒன்றுதான். வண்டியோடு வந்த எண்ணெய்க்கறைப் புத்தகத்தை எங்கே வைத்தீர்கள்?

இப்படிக்கு,
சட்டப்படியும் மற்றபடியும் இன்னும் உங்கள் மனைவி


ஜூன் 9

கடிதம் கிடைத்தது.

புத்தகம் பரணில், மின்விசிறி வந்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. ஆனால் அதை எடுக்க வேண்டாம். உன் அண்ணன் சொன்னது இந்த ஒரு தடவை சரி. அந்த வண்டியை யாராவது பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடு. உனக்கு வேலைக்கு வண்டி வேண்டுமென்றால் வேறு ஒன்று பார்க்கலாம். எனக்குத் தெரிந்தவர்கள் மூலம் விசாரிக்கிறேன்.

கார்புரேட்டர் விளையாட்டுச் சாமான் இல்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே.

காகித ஆலையில் வேலை எப்போதும் போல. பாய்லருக்குப் பக்கத்திலேயே நிற்பதால் எனக்குக் கோடையும் மழையும் ஒன்றுதான்.

நலம் விரும்பும்,
நான்


ஜூன் 13

அன்புள்ள உங்களுக்கு,

‘நலம் விரும்பும்’ என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர்கள்தான் எனக்கு எழுதுவார்கள். பரவாயில்லை, ‘ம்’மிலிருந்து இவ்வளவு தூரம் வந்ததே பெரிது.

உங்கள் கடிதம் வருவதற்குள் கழற்றிவிட்டேன். காற்று வடிகட்டியை எடுத்தேன், பெட்ரோல் குழாயை உருவினேன், சோக் கம்பியைத் தளர்த்தினேன், அடியில் இருந்த இரண்டு நட்டுகளைக் கழற்றினேன். நான்கே வரியில் எழுதிவிட்டேன். செய்ய நாலு மணி நேரம் ஆனது. பின்பக்கத்து நட்டு என்னைப் பார்த்து முறைத்தது, நானும் முறைத்தேன். கடைசியில் அதுதான் விட்டுக்கொடுத்தது. இப்போது அந்தச் சாமான் சமையலறை மேஜையில் செய்தித்தாள் மேல் உட்கார்ந்திருக்கிறது. வீடு முழுக்கப் பெட்ரோல் வாசனை.

கடைத்தெருவில் ஓர் உதிரிபாகக் கடைக்காரரைப் பிடித்தேன். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, “வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையா?” என்றார். “அவங்களுக்கு இதெல்லாம் தெரியாதுங்க” என்றேன். உங்களைப் பற்றி இப்படிச் சொன்னதற்கு மன்னிக்கவும், பாய்லரைக் கட்டி ஆள்கிறவர் நீங்கள். அன்று முதல் அவர் எனக்கு மரியாதையாகவே பேசுகிறார். கார்புரேட்டர் வண்டிக்கு மூக்கு மாதிரி என்று விளக்கினார். காற்றை இழுத்து, அதில் பெட்ரோலைத் தூவி, என்ஜினுக்கு அனுப்புகிறதாம். கேஸ்கெட், ஊசி வால்வு, வாஷர் எல்லாம் அடங்கிய ஒரு செட் வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இனி இதை எழுதாமல் இருக்க முடியாது. அதை விற்றுவிடு என்று நீங்கள் ஏன் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நாற்சந்தி சிக்னலில் நின்றுபோன வண்டி அது. பால் வண்டிக்காரர் வந்து நம்மை ஏற்றிக்கொள்ளும் வரை நாற்பது நிமிஷம். நம் மகள் அழாமலே பிறந்தாள்.

நீங்கள் ஏன் போனீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு வலி ஆரம்பித்தது விடிகாலை ஐந்து மணிக்கு. உங்களை எழுப்பியது ஆறரைக்கு. பொய்வலியாக இருக்கும், ஊறவைத்த துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு எழுப்பலாம் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எப்போதிருந்து வலி என்று கேட்டபோது ஐந்து மணி என்றேன். அப்போது நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். அந்தப் பார்வை நாலு வருஷமாக என் கூடவே குடியிருக்கிறது. நீங்கள் வாய் திறந்து எதுவும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வண்டி அந்த ஒன்றரை மணி நேரத்துக்குப் பொறுப்பில்லை. அதைப் பழைய இரும்புக்குப் போட்டு என்ன ஆகப் போகிறது? நான் முன்வைத்த காலைப் பின்வைப்பதாக இல்லை.

ஜெட் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே, அந்தப் பித்தளைத் திருகின் ஓட்டையைக் கம்பி விட்டுக் குடையலாமா?

இப்படிக்கு,
மனைவி


ஜூன் 21

அன்புள்ள உனக்கு,

கம்பி விடாதே. எக்காரணம் கொண்டும் கம்பி விடாதே. அந்த ஓட்டையின் அளவுதான் எல்லாமே. தலைமுடி அளவு பெரிதானாலும் வண்டி பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும். சுத்தம் செய்யும் திரவத்தில் ஊறவை, டயர் கடையில் கொடுத்துக் காற்று அடி. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஓட்டை வட்டமாகத் தெரிய வேண்டும். அரைவட்டம் தெரிந்தால் அழுக்கு இன்னும் இருக்கிறது.

வெளியில் ஸ்பிரிங் மாட்டிய ஒரு திருகு இருக்கும், காற்றையும் பெட்ரோலையும் சரி பார்ப்பது அதுதான். அதைக் கழற்றும் முன் உள்ளே மெதுவாகத் திருகி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிக்கொள். எழுதி வை. நினைவில் இருக்கும் என்று நம்பாதே, இருக்காது. முட்டிய பிறகு இறுக்கினால் அதன் முனை போய்விடும், பிறகு பிரம்மா வந்தாலும் வண்டி நிற்கும்போது என்ஜின் சீராக ஓடாது. பித்தளைத் திருகுகளுக்கு அளவான திருப்புளியைப் பயன்படுத்து. சின்னதைப் போட்டால் தலை சிதைந்துவிடும். என் பெட்டியில் மரப்பிடி போட்டது ஒன்று இருக்கிறது. பெட்டிச் சாவி மீட்டர் பலகைக்குப் பின்னால்.

எழுத எழுத வளர்ந்துகொண்டே போகிறது. இதையெல்லாம் யாரிடமும் பேசி ரொம்ப நாளாயிற்று.

ஒன்று செய். இவ்வளவு தூரம் வந்துவிட்டாய், இனி உன்னைத் தடுக்க முடியாது. வெளிப்புறத்தை மட்டும் சுத்தம் செய். மேல் மூடியைத் திறக்காதே. அதை அப்படியே துணியில் சுற்றி எனக்குப் பார்சலில் அனுப்பிவிடு. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். முடித்து அடுத்த நாளே அனுப்பிவிடுகிறேன். உனக்கும் வேலை கெடாது.

மூடியைத் திறக்காதே.

இப்படிக்கு,
நான்


ஜூன் 26

அன்புள்ள உங்களுக்கு,

மூடியைத் திறந்துவிட்டேன்.

பார்சலில் அனுப்பலாம்தான். நீங்கள் ஒரு ஞாயிறில் முடித்துவிடுவீர்கள் என்பதும் தெரியும். ஆனால் நாளை ஏதோ ஒரு தெருவில் இந்த வண்டி என்னோடு நின்றுபோனால் நான் யாருக்குப் பார்சல் அனுப்புவது? ஒரு தடவை நிற்பது என்ன என்று பார்த்தவள் நான். இனிமேல் அது ஏன் நின்றது என்றாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

என்னைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். பரிசோதனைக் கூடத்திலிருந்து ரத்த மாதிரி எடுக்கும் சின்ன டப்பாக்கள் இருபது கொண்டுவந்தேன் (மேலாளரிடம் சொல்லிவிட்டுத்தான்). ஒவ்வொரு திருகுக்கும் ஒரு டப்பா. நோயாளியின் பெயர் எழுதும் இடத்தில் ‘மூடித் திருகு, முன் இடது’, ‘மிதவையின் அச்சு’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். வயது என்ற இடத்தை எல்லாவற்றிலும் காலியாக விட்டேன், வண்டி கோபித்துக்கொள்ளும். உள்ளே சந்து பொந்துகளுக்கெல்லாம் சிரிஞ்சில் திரவத்தை ஏற்றிச் செலுத்தினேன். மெல்லிய நரம்பில் மருந்து ஏற்றுகிற கை இது. பழுப்பாக, பிசின் பிசினாக, நாலு வருஷத்து அழுக்கு மறுபக்கத்தில் வந்தது. கடைசியில் தண்ணீர் மாதிரி தெளிவாக வந்தபோது நான் எழுந்து இரண்டு நிமிஷம் சும்மா நடந்தேன். சந்தோஷத்தில் உட்கார முடியவில்லை.

உள்ளே பெட்ரோலில் மிதக்கிற மிதவையைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தேன், உள்ளே சத்தம் எதுவும் இல்லை. அப்படியென்றால் ஓட்டை இல்லை என்று புத்தகம் சொல்கிறது. கார்புரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பம்ப்பின் ரப்பர் அட்டை அப்பளமாக நொறுங்கியது. செட்டில் புதிது இருக்கிறது.

ஒரு சந்தேகம். மூடியின் உட்பக்கம், பெட்ரோலைத் திறந்து மூடுகிற ஊசி வால்வு இருக்கிறதல்லவா, அதன் பித்தளை இருக்கைக்கு அடியில் ஒரு வாஷர் இருக்க வேண்டும் என்று படத்தில் போட்டிருக்கிறது. சட்டைப் பொத்தானை விடச் சின்னது. புது செட்டிலும் ஒன்று வந்திருக்கிறது. ஆனால் நம்முடையதில் அது இல்லை. மேஜைக்கு அடியில் தவழ்ந்து தேடினேன், துடைப்பத்தால் கூட்டினேன், கூட்டியதைச் சலித்தும் பார்த்துவிட்டேன். கழற்றும்போது விழுந்திருக்க வழியே இல்லை, ஏனென்றால் வெள்ளைத் துணி விரித்துத்தான் கழற்றினேன். நம் வண்டிக்கு அது ஆரம்பத்திலிருந்தே கிடையாதா? செட்டில் வந்த புதிதைப் போடுவதா, வேண்டாமா? உடனே எழுதுங்கள், அதற்காகத்தான் காத்திருக்கிறேன்.

நான் போன கடிதத்தில் ஒன்றரை மணி நேரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். நீங்கள் ஜெட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர்கள். சரி, அதுவும் ஒரு பதில்தான்.

இப்படிக்கு,
மனைவி


ஜூலை 11

உங்களுக்கு,

பத்து நாள் காத்திருந்தேன். கடிதம் வரவில்லை. ஆகஸ்ட் ஒன்று எனக்காக நிற்காது என்பதால் வாஷரைப் போட்டே பூட்டினேன்.

முதல் முயற்சியில் வண்டி பிடித்தது, பிறகு பேய் பிடித்ததுபோல ஏறி இறங்கி ஊளையிட்டு நின்றது. அண்ணன் கொட்டகை வாசலில் நின்று, “நான் அப்பவே சொன்னேன்” என்றார். அவருக்கு டீ போட்டுக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். அடியில் போடும் கேஸ்கெட் அட்டையைத் தலைகீழாகப் போட்டிருந்தேன். அதிலிருக்கும் சின்னத் துளை கார்புரேட்டரின் துளைக்கு நேராக வராமல் மூடிக்கொண்டுவிட்டது. இரண்டு பக்கமும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கிறது, ஆனால் ஒன்றல்ல. திருப்பிப் போட்டேன். திருகை முட்டும்வரை மெதுவாகச் சுற்றி, எழுதி வைத்திருந்தபடி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தேன்.

ஒன்பதாம் தேதி காலை பத்தே காலுக்கு அது ஓட ஆரம்பித்தது. அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அணைக்க மனசு வரவில்லை.

இதை நீங்கள்தான் முதலில் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் மீதிச் சாமான்களைக் கொடுக்கக் கடைக்குப் போனேன். போன இடத்தில் பேச்சுவாக்கில் அந்த வாஷர் கதையைச் சொன்னேன். கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். “அது இல்லாம பூட்டினா மட்டம் ஏறிடும்மா. பெட்ரோல் பொங்கும். ஓடறப்ப தெரியாது. சிக்னல்ல நின்னா மூச்சு முட்டி அணைஞ்சிடும், சூட்டுல திரும்பக் கிளம்பவும் கிளம்பாது. முன்னாடி யாரோ பிரிச்சிருக்காங்க. பழசு நொறுங்கியிருக்கும், கையில வேற இல்லாம பூட்டிட்டாங்க.”

கடையிலிருந்து வீட்டுக்கு எந்த வழியாக நடந்து வந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

அப்போதெல்லாம் அந்த வண்டியை உங்களைத் தவிர யாரும் பிரித்ததில்லை. மூடியைத் திறக்காதே என்று ஒரே கடிதத்தில் இரண்டு தடவை எழுதினீர்கள். நானாக எதையும் முடிவு கட்ட விரும்பவில்லை. நீங்களே சொல்லுங்கள்.

மனைவி


ஜூலை 17

அன்புள்ள உனக்கு,

நான்தான்.

அவள் பிறப்பதற்கு முந்தைய சனிக்கிழமை இரவு, நிற்கும்போது என்ஜின் சீராக ஓடவில்லை என்று பிரித்தேன். நீ மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். இருக்கையைத் திருகும்போது வாஷர் தூளாக வந்தது. அந்நேரம் கடை மூடியிருந்தது, ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது. உனக்கு எந்த நேரம் வலி எடுக்கும் என்று சொல்ல முடியாது, வண்டியைப் பிரித்துப் போட்டு வைக்கக் கூடாது என்று நினைத்து, அது இல்லாமலே பூட்டினேன். இரண்டு தெரு ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் ஓடியது. திங்கட்கிழமை புதிது வாங்கிப் போட்டுவிடலாம் என்று இருந்தேன்.

திங்கட்கிழமை கடை திறந்திருந்தது. அதன் வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போனேன். நேரமாகிவிட்டது, நாளைக்கு வாங்கலாம் என்று போனேன். செவ்வாய்க்கிழமையும் அதே வாசல். புதன்கிழமை காலை ஆறரைக்கு நீ எழுப்பினாய்.

சிக்னலில் அது அணைந்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பானெட்டைத் தூக்கியதும் பெட்ரோல் வாசனை முகத்தில் அடித்தது. நீ பின் இருக்கையில் வலியோடு, “என்னாச்சுங்க” என்று கேட்டாய். “ஒண்ணுமில்ல, சூடாயிடுச்சு” என்றேன். அதுதான் முதல் பொய்.

இனி எழுதப் போவதை எழுதத்தான் இத்தனை நாள் ஆனது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நர்ஸ் கேட்டபோது ஐந்து மணி என்று நீ சொன்னாய். நான் உன்னைத் திரும்பிப் பார்த்தேன். அது கோபம் என்று நீ நினைத்திருக்கிறாய். கோபம் இல்லை. ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. பழி என் தலையில் மட்டும் இல்லை, பாதியை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று நினைத்த நிம்மதி. அடுத்த நொடியே அப்படி நினைத்தது நானா என்று இருந்தது. அதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டில் நீ ஒவ்வொரு தடவை துணி பிழியும்போதும் அழுதாய். ஏன் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் பாரம் இறங்கியிருக்கும். சொன்னால் நீ என்னை விட்டுப் போய்விடுவாய் என்று பயந்தேன். அந்தப் பயத்தில் நானே போய்விட்டேன். இதில் என்ன புத்தி இருக்கிறது என்று என்னைக் கேட்காதே.

அவளை அடக்கம் செய்த இடத்துக்கும் நான் வரவில்லை. உன் அண்ணன்தான் கையில் ஏந்திக்கொண்டு போனார். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். இந்த நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அங்கே போகவில்லை.

நீ வண்டியை ஓட வைத்ததாக எழுதியதைப் படித்தபோது, கொட்டகையில் நீ உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் செய். வக்கீல் மூலம் எழுதினாலும் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியவன்


ஆகஸ்ட் 3

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் எதுவும் செய்யவில்லை. மறுநாள் உங்கள் மேல் வந்த கோபத்தில் சமையலறையைக் கழுவினேன். அதற்கும் மறுநாள் அந்தக் கோபத்தில் வண்டியை எடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் எடுத்த லைசென்ஸ், கல்யாணத்துக்குப் பிறகு பெட்டியில் தூங்கியது. முதல் நாள் தெருமுனை வரை போய், திருப்பத் தெரியாமல் தெருவையே அடைத்துக்கொண்டு நின்றேன். காய்கறி வண்டிக்காரர் இறங்கி வந்து, “லெஃப்ட்ல ஒடிங்க, இன்னும், இன்னும்” என்று சொல்லித் திருப்பிவிட்டார். ஒரு வாரம் தினமும் விடிந்ததும் ஓட்டினேன். எட்டாம் நாள், அந்த நாற்சந்திக்குப் போனேன்.

சிவப்பு விழுந்தது. நின்றேன். பின்னால் லாரி, பக்கத்தில் பள்ளிக்கூட வேன். வண்டி சீராக ஓடிக்கொண்டே நின்றது. பச்சை விழுந்தது, போய்விட்டேன். அவ்வளவுதான். பிறகு ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் அழுதேன்.

பழைய காகிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு அன்று பார்த்த டாக்டரம்மாவிடமும் போனேன். நாற்பது நிமிஷத்தைக் கேட்டேன், என் ஒன்றரை மணி நேரத்தையும் கேட்டேன். அவர் மூடி மறைக்கவில்லை. “சீக்கிரம் வந்திருந்தா பிழைச்சிருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம். எனக்கு அன்னைக்கும் தெரியாது, இன்னைக்கும் தெரியாதும்மா” என்றார். எனவே உங்களை விடுவிக்கவும் என்னிடம் சாவி இல்லை, என்னை விடுவிக்கவும் இல்லை. தெரியாத ஒன்றோடு நாம் இருவரும் இருந்துதான் ஆக வேண்டும்.

அந்த வாஷருக்காக உங்களை நான் வெறுக்கவில்லை. வெறுத்துப் பார்க்க முயற்சி செய்தேன், வரவில்லை. நான் துணியைப் பிழிந்துகொண்டு நின்றேன், நீங்கள் கடையைத் தாண்டிக்கொண்டு போனீர்கள். மனிதர்கள் நாளைக்கு என்று நினைப்பது வழக்கம்தான். ஆனால் நான் அழுததை ஏன் என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தீர்களே, அதை என்னால் இப்போது மன்னிக்க முடியவில்லை. முடியும் என்று பொய் எழுதவும் மாட்டேன். நம் வீட்டில் பொய் போதும்.

வக்கீலுக்கு நான் எழுதப் போவதில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நீங்கள் அங்கேயே பாய்லர் பக்கத்தில் வெந்துகொண்டிருக்கலாம் என்று பார்க்கிறீர்கள். அது உங்களுக்குச் சுலபம். சுலபமானதை இந்தத் தடவை நான் தரமாட்டேன்.

ஒன்றாம் தேதி வேலையை ஆரம்பித்துவிட்டேன். இரண்டு நாளில் பதினெட்டு வீடு. பக்கவாதத்தில் படுத்திருக்கும் ஒரு கணக்கு வாத்தியார், நான் ஊசி குத்தும்போது ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை பதின்மூன்றாம் வாய்ப்பாட்டைச் சொன்னார். எல்லாரும் முகம் பார்த்துப் பேசுகிறார்கள்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். இந்தச் சனிக்கிழமை எனக்கு விடுமுறை. ஆலையில் சொல்லிவிட்டு முதல் பஸ்ஸைப் பிடித்தால் பத்து மணிக்கு இங்கே இறங்கலாம். நான் பஸ் நிலைய வாசலில் வண்டியோடு இருப்பேன். அங்கிருந்து நம் மகள் இருக்கும் இடத்துக்கு இருபது நிமிஷம். நான்தான் ஓட்டுவேன். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும், பின்னால் அல்ல. நான் மாதாமாதம் தனியாகப் போய் நின்ற இடம் அது. என்னிடம் எழுதியதை அங்கே நின்று அவளிடம் ஒரு தடவை வாயால் சொல்லுங்கள். நானும் என் ஒன்றரை மணி நேரத்தைச் சொல்கிறேன், இதுவரை சொன்னதில்லை.

அதற்குப் பிறகு உங்களைப் பஸ் ஏற்றிவிடுவேனா, வீட்டுக்குக் கூட்டிவருவேனா என்று இப்போது கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. அங்கே நின்ற பிறகுதான் தெரியும்.

பஸ் நிலைய வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், போலீஸ்காரர் அடிக்கடி வருவார். அவரைக் கெஞ்சிப் பத்து நிமிஷம் நிற்பேன். என்ஜினை அணைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
மனைவி